ஓய்வும் இருவினையொப்பும்

குன்றத்தூர் என்னும் பெயர் சைவ நன்மக்கள் செவியிற் படுங்கால் முதற்கண் நினைவிற்கு வருவது, அது தெய்வச் சேக்கிழார் பெருமான் தோன்றியருளிய ஊர் என்பதே. தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்த அப்பழம்பதி இற்றைநாளில் வேறொரு வாழ்க்கைக்கும் உறைவிடமாய் நிற்கின்றது. பொழுது புலருமுன்னரே ஆடவரும் மகளிருமாகிய இளைஞர் பலர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவ்வூர்ச் சாலையோரத்தே நிற்பர். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்பூதூர், ஒரகடம் என்னும் இடங்களிலுள்ள தொழிற்சாலைகளின் பேருந்துகள் வந்து அவரை ஏற்றிச் செல்லும். இரவு முறை முடித்தோர் உறக்கம் நிறைந்த கண்ணினராய் அப்பேருந்துகளினின்றே இறங்கி வீடு திரும்புவர். 1998-இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதற் கார்கள் வெளிவந்த நாள்தொட்டு இப்பகுதியின் வாழ்க்கை இங்ஙனம் மாறிற்று.

இத்தகையோருள் கணக்கறிந்த சிலரிடத்தே ஒரு புதிய விரதம் காணப்படுகின்றது. ஐம்பத்தெட்டு அறுபது என்னும் வயதெல்லை வரும்வரை காத்திராது, நாற்பது அல்லது நாற்பத்தைந்தாம் வயதிலேயே தொழிலை விட்டு நீங்குதல் வேண்டும்; அதற்கெனப் பெறும் ஊதியத்திற் பெரும்பகுதியை இன்றே ஒறுத்துச் சேர்த்தல் வேண்டும் என்பதே அவ்விரதம். வேறு சிலரோ, நாளை இருப்பது யார் கண்டார், கையிலுள்ளதை இன்றே துய்த்தலே அறிவுடைமை என்பர். இவ்விரு திறத்தாருக்கும் இடைநின்று, எத்துணைப் பங்கு சேர்ப்பது, எத்துணைப் பங்கு துய்ப்பது என மயங்குவோரே மிகப்பலர். இம்மயக்கத்திற்குச் சித்தாந்த சைவம் கூறுவது யாதேனும் உண்டோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் அவ்விரதியரின் கணக்கை உள்ளவாறு அறிதல் முறை. அமெரிக்க நாட்டில் வில்லியம் பெங்கன் என்னும் பொருள்திட்ட ஆலோசகர் 1926 முதலான அந்நாட்டுப் பங்குச்சந்தை, கடன் பத்திரங்களின் வரவை ஆராய்ந்து 1994-இல் ஒரு முடிபு வெளியிட்டார். சேர்த்த முதலில் நூற்றுக்கு நான்கு வீதம் முதலாண்டிற் செலவிட்டு, பின்னர் விலையேற்றத்திற்கேற்ப அத்தொகையை உயர்த்தி வரின், அம்முதல் முப்பதாண்டு தாங்கும் என்பது அது. அதனைத் திருப்பிக் கூறின், ஓராண்டுச் செலவைப்போல் இருபத்தைந்து மடங்கு சேர்த்தவன் தொழிலை விடலாம் என்றாகும்.

இனி, மாதம் 60,000 ரூபாய் பெறும் ஒருவன் 45,000 செலவிட்டு 15,000 சேர்க்கின்றான் எனக் கொள்க. வட்டியும் விலையேற்றமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என வைத்துக்கொண்டால், அவனுக்கு வேண்டும் தொகை 1,35,00,000 ரூபாய். அதனை எய்தும் காலம் 75 ஆண்டு. அவனே பாதி செலவிட்டுப் பாதி சேர்ப்பனேல் வேண்டுவது 90,00,000; காலம் 25 ஆண்டு. 20,000-இல் வாழ்ந்து 40,000 சேர்ப்பனேல் வேண்டுவது 60,00,000. காலம் பன்னிரண்டரை ஆண்டேயாம். செலவைக் குறைத்தல் ஈண்டு இருபுறமும் தொழிற்படுகின்றது. சேர்வது மிகுகின்றது, சேரவேண்டுவது குறைகின்றது. வேண்டாமையே இவ்வியந்திரத்தின் அச்சாணி என்பதைக் காண்போர், உலகியற் கணக்கு ஒன்று தன்னையறியாமலே துறவு நூலின் வாயிலிற் சென்று நிற்பதைக் கண்டு சிறிது நகைக்கவுங் கூடும்.

கணக்கு என்ற அளவிலே சைவ நூல் கற்றோர் முகஞ்சுளித்தல் வேண்டா. சேக்கிழார் பெருமானே ஒரு பேரரசின் வரவு செலவுகளை அறிந்து நடத்திய முதலமைச்சர். ஆயினும் இக்கணக்கின் எல்லையும் அறியப்படுதல் வேண்டும். பெங்கன் கணித்தது அமெரிக்க நாட்டிற்கு, அதுவும் முப்பதாண்டிற்கு. நாற்பதில் தொழில் நீங்கி எண்பதளவும் வாழ்வோனுக்கு அது பத்தாண்டு குறைவுபடும். தாய் தந்தையர் நோயும், தங்கையின் திருமணமும், உறவினரின் இடரும் அவ்வட்டவணையில் இடம்பெறவில்லை. தமிழ்நாட்டுக் குடும்பத்தில் ஒருவனுடைய செலவு அவனொருவனுடையதாய் எந்நாளும் இருந்ததில்லை.

சேமிப்போரை உலோபியர் என்று எளிதிற் பழித்தலும் தகாது. திருப்பெரும்பூதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளைஞர்க்கு வாழ்வளித்து, 2014 நவம்பர் முதல் நாளில் உற்பத்தியை நிறுத்திற்று. இருபது வயதிற் பணியேறிய பெண்மக்கள் முப்பதை எட்டுமுன்னரே வேலையிழந்து ஊர் திரும்பினர். மறைமலைநகரின் ஃபோர்டு ஆலையும் 2022-இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. தாமாக விரும்பாத ஓய்வு ஒருநாட் காலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படக்கூடிய நாட்டில், முன்னறிந்து சேர்த்து வைத்தல் அச்சத்தின் பாற்பட்டதேனும் அறிவின் பாற்பட்டதும் ஆம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டதும் அந்த 2014-ஆம் ஆண்டிலேதான். அதனை நம்பி முதுமையைக் கழிக்கலாம் என யாரும் கூறார்.

இன்றே துய்ப்போம் என்பாரைப் பற்றி மிக விரித்தல் வேண்டா. அவர் துய்ப்பது பெரும்பாலும் இன்றையதும் அன்று. தவணை முறையில் வாங்கிய இருசக்கர வண்டியும் கைபேசியும் நாளைய ஊதியத்தை இன்றே உண்டு தீர்க்கின்றன. எதிர்காலத்தைப் புறக்கணிப்பதாகக் கூறும் அவரே அதனைக் கடன்காரனிடம் எழுதிக் கொடுத்தவராவர்.

இனிச் சித்தாந்தத்தின் துணிபை நோக்குக. உயிர்க்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் மாயையினின்று தோற்றுவித்து அளிக்கின்றான். போகம் இந்நான்கனுள் ஒன்றாக வைக்கப்பட்டதை மறவற்க. நுகர்ச்சி தன்னளவில் இழிந்ததாயின், அருளே திருமேனியாகிய இறைவன் அதனைக் கூட்டுவித்தல் பொருந்தாது. வினை நுகர்ந்தன்றிக் கழியாது. நுகர்ச்சியினாலேயே மலம் பக்குவப்படும். ஆகலின், வாழ்வின் நுகர்ச்சியனைத்தையும் இருபதாண்டு தள்ளிவைப்பேன் என்பான் தள்ளிவைப்பது இன்பத்தை மட்டுமன்று, தன் பக்குவத்தையுமாம். அவன் அஃது அறியான்.

பல பிறப்பிற் செய்து தொகுக்கப்பட்டுக் கிடக்கும் வினைக்குச் சஞ்சிதம் என்று பெயர். சஞ்சிதம் என்னுஞ் சொல்லுக்கே சேர்த்து வைக்கப்பட்டது என்பது பொருள். அதினின்று இப்பிறவிக்கென எடுத்து நுகரத் தொடங்கியது பிராரத்தம். நுகருங்கால் மேலும் ஈட்டப்படுவது ஆகாமியம். எல்லாவுயிரும் பிறக்கும்போதே ஒரு பெருஞ் சேமிப்போடு பிறக்கின்றது. அச்சேமிப்பு வளர்தலே துன்பம், தீர்தலே வீடு. வங்கிக் கணக்கிற்கும் வினைக் கணக்கிற்கும் உள்ள இம்மாறுபாடு சிந்திக்கத்தக்கது.

பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் உயிர் கருவில் வந்தபோதே அமைந்தன என்பது சிவஞான சித்தியாரின் கருத்து. அற்றேல், பெறுவதும் இழப்பதும் முன்னரே அமைந்தனவாக, ஒருவன் முயன்று சேர்ப்பது எற்றுக்கு எனின், அற்றன்று. முன்வினை பயன்தருவதும் முயற்சியென்னும் வாயிலாகவே. அன்றியும் இன்று எக்கருத்தொடு முயல்கின்றானோ அக்கருத்து ஆகாமியமாய் மேல்வரும் விளைவிற்கு வித்தாகின்றது. அமைந்துவிட்ட ஆறனுள் சாக்காடும் ஒன்று. நாற்பத்தைந்தாம் வயதை நோக்கிக் கணக்கிடுவோனுடைய அட்டவணையில் எல்லா நிரல்களும் நிரப்பப்பட்டிருக்க, அவ்வொரு நிரல் மட்டும் வெறுமையாய்க் கிடக்கும். அதற்காக அட்டவணையைக் கிழித்தெறிக என்பதன்று கருத்து. அந்நிரல் வெறுமையாக உள்ளதென்பதை அறிந்தே எழுதுக என்பதாம்.

இனி, எத்துணைப் பங்கு சேர்ப்பது என்னும் வினாவிற்கு வருவோமாயின், அவ்வினா துலாக்கோலின் வினா. ஒரு தட்டில் இன்று, மறு தட்டில் நாளை. முள் நடுவே நிற்குமாறு எங்ஙனம் செய்வது என்பதே அது. சித்தாந்தத்திலும் ஓர் ஒப்பு பேசப்படுகின்றது. இருவினையொப்பு என்பது அது. நல்வினை ஒரு தட்டிலும் தீவினை மற்றொரு தட்டிலும் எடையொத்து நிற்றலே அதற்குப் பொருள் எனக் கொண்டாரும் உளர். சிவஞான முனிவரின் விளக்கமோ அவ்வாறன்று. நல்வினைப் பயனாகிய இன்பம் வருங்கால் விருப்பும், தீவினைப் பயனாகிய துன்பம் வருங்கால் வெறுப்புமின்றி, இரண்டையும் ஒரு தன்மையவாகக் காணும் அறிவின் ஒப்பே இருவினையொப்பு. ஒப்பு நிகழ்வது தட்டிலன்று, பிடித்திருக்கும் கையில்.

இதனைக் கொண்டு நோக்கின், 20,000 செலவிடுவோனும் 45,000 செலவிடுவோனும் அத்தொகையளவானே உயர்ந்தாரும் தாழ்ந்தாரும் ஆகார். சேர்த்த தொகை சந்தை வீழ்ச்சியாற் பத்தில் மூன்று பங்கு குறைந்த நாளில் ஒருவன் மனைவியிடத்தும் மக்களிடத்தும் எவ்வாறு பேசுகின்றான், எதிர்பாராத மிகையூதியம் வந்த நாளில் அவன் மனம் எங்கே ஓடுகின்றது என்பவற்றை நோக்குதல் வேண்டும். குறைந்த செலவில் வாழ்வோனே மிக்க பற்றுடையவனாதலும் உண்டு. நாடோறும் மாலையிற் கைபேசியைத் திறந்து தன் தொகை ஏறிற்றோ இறங்கிற்றோ எனக் காண்பவன், மூன்று காலப் பூசை செய்வானினும் தவறாது அதனைச் செய்கின்றான்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சைவ நூல்களின் அடிப்படைக் கொள்கை. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாப்போல, உயிரும் தான் எதனைப் பற்றுகின்றதோ அதுவதுவாய் நிற்கும். இருபதாண்டு பணத்தையே சார்ந்து, வேண்டும் வேண்டும் என்றோ, செலவிடேன் செலவிடேன் என்றோ பழகிய உயிர், இருபத்தோராம் ஆண்டின் முதல் நாளில் தொழிலை விட்டமை மாத்திரத்தானே வேறு வண்ணம் எய்துமோ? தொழில் நீங்கும், பழக்கம் நீங்காது. ஓய்வு பெற்ற பின்னர் ஆலயம் தொழுவேன், தேவாரம் ஓதுவேன், தாயுடன் தில்லைக்குச் செல்வேன் என்பான் ஒருவனை எண்ணுக. அவன் ஓய்வு பெறும் நாளில் தாய்க்கு எழுபத்தைந்து வயதாகியிருக்கும். குன்றத்தூர் முருகன் மலைப்படிகளை ஏறும் வலி அவள் முழங்காலில் இராது. இன்று முற்றத்தில் மழலை பேசும் மகள் அன்று கல்லூரி விடுதியில் இருப்பாள். இரவு முறையும் மிகைநேரமும் மாறிமாறிச் செய்த உடம்போ, ஓய்வை நுகர்தற்குரிய கருவியாக இராமல் மருத்துவர்க்குரிய பொருளாய் நிற்கவுங் கூடும். உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலாகத் திருமூலர் கூறியதைச் சைவர் அறிவர். சரியைத் தொண்டு ஓய்வு பெற்றாருக்கென வகுக்கப்பட்டதும் அன்று. திருவலகிடுதலும் பூத்தொடுத்தலும் வாரவிடுமுறைக் காலையில் ஒரு நாழிகையிற் செய்யத்தக்கன. அவற்றிற்கு இருபத்தைந்து மடங்கு முதல் வேண்டுவதில்லை.

திருத்தொண்டர் புராணத்துள் சேமிப்பைப் பற்றிய செய்திகள் இடையிடையே வருகின்றன. இளையான்குடி மாற நாயனார் பெருஞ்செல்வராய் அடியார்க்கு அமுதூட்டியவர். செல்வம் சுருங்கிய பின்னும் அத்தொண்டைச் சுருக்காதவர். மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வர, மனையில் ஒன்றுமின்றி, அன்று பகலில் விதைத்த நெல்முளையை வயலிற் சென்று வாரிக்கொண்டு வந்தார். விறகின்மையால் வீட்டுக் கூரையை அறுத்து அளித்தார். விதை என்பது உழவனுடைய வருங்காலம் முழுவதும் ஆம். அதனைக் கொண்டுவருமாறு வழிகூறியவர் அவர்தம் மனைவியாரே என்பது கருதத்தக்கது. விதைநெல்லை யாவரும் உண்டுவிடுக என்பது இதனாற் போந்த பொருளன்று. அவர் விதைத்தவர், நாளையை நோக்கி முயன்றவர். வேண்டுங்கால் அந்நாளையையும் திறந்து கொடுக்கும் கையுடையவர். சேமிப்போன் ஒருவன் தன்னைச் சோதித்துக் கொள்ளுதற்கு இவ்வரலாற்றினும் ஏற்றது பிறிதில்லை.

கோட்புலி நாயனார் வரலாறோ கற்பார் நெஞ்சை நடுங்கச் செய்வது. திருவமுதிற்கென நெல்லைக் கூடு கட்டிச் சேர்த்து வைத்துப் போர்மேற் சென்றார். பஞ்சம் வந்தபோது சுற்றத்தார் அதனை உண்டனர். மீண்டு வந்து அவரனைவரையும் வாளுக்கிரையாக்கினார். சேர்த்ததைத் தொடவிடாமையே சிறப்பு என்பதற்கு இதனைச் சான்று காட்டுவார் உளராயின் அது பெரும் பிழையாம். அவர் தமக்கென ஒரு நெல்மணியும் வைத்தாரல்லர்; வைத்தது இறைவன் உடைமை. தன் முதுமைக்கென வைத்தான் ஒருவன் அவர் வாளைக் கடன் கேட்டல் தகாது.

குன்றத்தூருக்கு வடமேற்கே, வெகுதொலைவில் இல்லாத திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் வரலாறு ஈண்டு மிகவும் இயைபுடையது. இறைவனுக்கு ஆலயம் எடுக்க விரும்பி எங்கும் பொருள் தேடிக் காணாராயினார். காணாத அவர், பொருள் சேர்ந்த பின்னர்ப் பார்ப்போம் என்று அமைந்தாரில்லை. மனத்தினாலேயே பொருளைச் சிறிது சிறிதாகத் தேடித் தொகுத்து, தச்சரை அமைத்து, நாள் பார்த்து அடிநிலை இட்டு, விமானமும் சுதைவேலையும் மதிலும் குளமும் முறையே முடித்துக் குடமுழுக்கிற்கு நாட் குறித்தார். இராசசிம்ம பல்லவன் எனக் கருதப்படும் காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளியின் குடமுழுக்கும் அந்நாளிலேயே குறிக்கப்பட்டிருந்தது. இறைவன் அரசன் கனவில் தோன்றித் தன் நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணித்தான். பொருள் நிறைந்தோன் காத்திருக்க, பொருளிலான் முற்பட்டான். கருவூலம் நிறைந்த பின்னரே வாழ்வு தொடங்கும் என்னுங் கொள்கைக்கு இதனினும் மென்மையான மறுப்பு வேறு யாண்டு உளது?

இவற்றையெல்லாம் பாடிய சேக்கிழார் பெருமானுடைய சொந்த வரலாறே அவர் பிறந்த ஊரில் இன்று வாழும் இளைஞர்க்கு மிக அணுக்கமானது. உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணத்தால் அறியப்படுவது இது. அருண்மொழித்தேவர் என்னும் இயற்பெயருடைய அவர், அநபாய சோழனிடத்தே உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டத்தோடு முதலமைச்சராய் இருந்தார். அநபாயன் என்பான் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கன் என்பர் வரலாற்றாசிரியர். அமைச்சுத் தொழில் ஓய்வுடைய தொழிலன்று. ஆயினும் அத்தொழிலில் இருந்தபோதே அவர் நெஞ்சம் சோழநாட்டுத் திருநாகேச்சரத்திற் பதிந்திருந்தது. அந்நெஞ்சத்தின்படியே தம் ஊராகிய குன்றத்தூரிலும் அப்பெயரால் ஓர் ஆலயம் எடுத்து, நாள்வழிபாட்டிற்கு ஆவன செய்தார். அமைச்சுப் பணி முடிந்த பின்னர் ஊர் திரும்பி எடுத்துக்கொள்ளலாம் என அவர் தள்ளிவைத்திருப்பரேல் அவரைக் குறைகூறுவார் யார்? அவர் தள்ளிவைத்திலர். வடநாகேச்சரம் என வழங்கும் அக்கோயில் இன்றும் அவ்வூரின்கண் உள்ளது. இரவு முறைக்குச் செல்வோர் சிலர் மாலையில் அதன் வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.

அமைச்சராயிருந்தே நீங்கிய பிறிதொருவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கச் சென்ற வழியில், அரசன் தந்த பொருளோடு, ஒரு நொடியில் நீங்கினார். அவருக்குக் கணக்குமில்லை, காத்திருப்புமில்லை. அருள் வந்து பறித்துக்கொண்டது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு வேலையை விடுதல் யாவர்க்கும் இயல்வதன்று. இயலுமென எண்ணித் துணிவோர் பெரும்பாலும் பின்னர் வருந்துவர். சேக்கிழாரின் நீக்கம் அவ்வாறு பறிக்கப்பட்டதுமன்று, திட்டமிட்டு எய்தப்பட்டதுமன்று. அரசன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தமை கண்டு, அடியார் வரலாறுகளை அவனுக்கு எடுத்துரைத்தார். அவற்றைக் காப்பியமாகச் செய்து தருக என்று அரசன் வேண்டி, வேண்டிய பொருளும் அளித்து விடுத்தான். தில்லையை அடைந்து, கூத்தப்பெருமான் அடியெடுத்துக் கொடுக்க நூலை முடித்தார். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அதன் விரிவுரை மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது. அரசன் நூலையும் அவரையும் யானைமேல் ஏற்றித் தானே பின்னிருந்து கவரி வீசினான். அதன் பின்னர் அவர் அமைச்சுப் பணிக்கு மீண்டிலர், தில்லையிலேயே தங்கிவிட்டார்.

அவருக்குக் கிடைத்த ஓய்வை நிரப்புதற்குரியது முன்னமே அவரிடத்து நிறைந்திருந்தது என்பதே நோக்கத்தக்கது. அமைச்சராயிருந்த காலமெல்லாம் அடியார் வரலாற்றை ஆராய்ந்திராதவர், தில்லைக்குச் சென்ற அன்றே பெரியபுராணம் பாடத் தொடங்குதல் எங்ஙனம்? தொழிலிலிருந்தபோதே மாலைப்பொழுதுகளில் ஒரு நூலையோ, ஒரு பண்ணையோ, ஒரு தொண்டையோ பற்றி வளர்த்தவன் நாற்பதில் நீங்கினும் அறுபதில் நீங்கினும் செல்லுதற்கு ஓரிடம் உடையவன். அவ்வாறு பற்றாதவனுக்கு ஓய்வு என்பது ஊதியமில்லாத வெறும் பகற்பொழுதே. அதன் நீளத்தைக் கண்டு அஞ்சிப் பிறிதொரு வேலையைத் தேடுவோரும் உளர்.

சேக்கிழார் தில்லையில் தங்கிய பின்னர், அவர் தம்பியார் பாலறாவாயர்க்கு அரசன் தொண்டைமான் என்னும் பட்டம் அளித்துத் தொண்டை நாட்டுப் பொறுப்பை ஒப்புவித்தான். அண்ணன் நீங்கிய சுமையைத் தம்பி தாங்கினார். ஒருவருடைய ஓய்வு பிறிதொருவருடைய உழைப்பின்மேல் நிற்பதைக் கணக்கிடுவோர் நினைவிற் கொள்வாராக. பாலறாவாயர் குன்றத்தூரில் தம் பெயரால் ஒரு குளமும் எடுத்தார். தொண்டை நாட்டிற் பஞ்சம் வந்த காலத்தில் அந்நாட்டு மக்களைப் பசி தீர்த்துக் காத்தமையால், தொண்டைமண்டலம் நின்று காத்த பெருமாள் என அவரை அந்நாட்டார் அழைத்தனர்.